மென்பொருள் நிறுவும் சாளரம் பணிய மறுக்கும்போது: அறிகுறிவழிப் பிழை நீக்கம்

கட்டளை எதையும் தட்டாமல், பெயரைத் தேடிப் பொத்தானை அழுத்தி மென்பொருளை நிறுவும் வசதி இன்று எல்லா மேசைக்கணினி இயங்குதளங்களிலும் உண்டு. உபுண்டுவில் ஆப் சென்டர், ஃபெடோராவில் க்னோம் சாஃப்ட்வேர், கேடிஇ பிளாஸ்மாவில் டிஸ்கவர், லினக்ஸ் மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜர், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், மேக்கில் ஆப் ஸ்டோர் என்று பெயர்கள் மாறினாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நாம் பார்க்கும் சாளரம் எதையும் தானே நிறுவுவதில்லை. அது பின்னணிச் சேவை ஒன்றிடம் வேண்டுகோளை ஒப்படைக்கிறது. அந்தச் சேவை, எந்தப் பொதி (ஒரு மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) எந்தப் பதிப்பில் கணினியில் உள்ளது என்ற பதிவேட்டைப் பார்த்து, பொதிகள் சேமிக்கப்பட்டுள்ள தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து கோப்புகளை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, உரிய இடங்களில் வைக்கிறது. சாளரம், சேவை, பதிவேடு, களஞ்சியம் ஆகிய நான்கில் எது பழுதாகி நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் சில நிமிடங்களில் தீரும். அது தெரியாமல் 'நிறுவு' பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்துவதால் எதுவும் மாறாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா, வட்டில் போதிய இடம் இருக்கிறதா, உலாவியில் இணையம் தடையின்றி வருகிறதா. அடுத்ததாக, பிழைச் செய்தியில் 'டீடெய்ல்ஸ்' என்றோ 'மோர் இன்ஃபர்மேஷன்' என்றோ ஒரு பொத்தான் இருந்தால் அதைத் திறந்து உள்ளே உள்ளதைப் படியுங்கள். 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற மேல்வரி சாளரம் எழுதியது. கீழே மறைந்திருக்கும் வரிதான் சேவை எழுதியது, பயன்படுவதும் அதுவே.

அறிகுறி: தேடினால் மென்பொருள் கிடைக்கவில்லை

லினக்ஸில் இதற்கு மிகப் பொதுவான காரணம், தேடப்படும் பொருள் 'செயலி' என்ற வகையில் வராததுதான். க்னோம் சாஃப்ட்வேரும் டிஸ்கவரும் ஆப்ஸ்ட்ரீம் என்ற விவரக் குறிப்புகளைக் கொண்டு தங்கள் பட்டியலைத் தயாரிக்கின்றன. பெயர், சின்னம், விளக்கம், திரைப்பிடிப்பு ஆகியவை அடங்கிய அந்தக் குறிப்பு இல்லாத நிரல் நூலகங்களும் கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் மட்டும் இயங்கும் கருவிகளும், களஞ்சியத்தில் இருந்தாலும், இந்தச் சாளரங்களில் தலைகாட்டுவதில்லை. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கு மாற்று சினாப்டிக். அதன் தோற்றம் பழையதாக இருக்கலாம். ஆனால் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதியையும் ஒளிக்காமல் காட்டும். பளபளப்பான கடைச் சாளரம் ஏற்கனவே இருந்தாலும், சினாப்டிக்கையும் நிறுவி வைத்துக்கொள்வது என் உறுதியான பரிந்துரை. கீழே வரும் பல தீர்வுகளுக்கு அது தேவைப்படும்.

இரண்டாவது காரணம், மென்பொருள் இருக்கும் மூலம் இயக்கப்படாமல் இருப்பது. ஃபெடோராவில் மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களை முதல் தொடக்கத்தின்போது மறுத்திருந்தால் பல லினக்ஸ் இயங்குதளங்களிலும் இயங்கும் ஃப்ளாட்பேக் வகைச் செயலிகளின் பொதுக் களஞ்சியமான ஃப்ளாட்ஹப் முழுமையாகத் தெரியாது. க்னோம் சாஃப்ட்வேரின் பட்டியில் 'சாஃப்ட்வேர் ரெப்பாசிட்டரிஸ்' பகுதிக்குச் சென்று அதை இயக்க வேண்டும். உபுண்டுவின் ஆப் சென்டர் ஸ்னாப் என்ற தன் சொந்த வகைப் பொதிகளையே முன்னிறுத்துகிறது; தேடல் முடிவின் மேலுள்ள வடிகட்டியை டெபியன் பொதிகளுக்கு மாற்றினால் காணாமற்போனவை சில வந்து சேரும். லினக்ஸ் மின்டோ 2020ஆம் ஆண்டின் 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. 2024இல் வந்த 22ஆம் பதிப்பிலிருந்து, உருவாக்குநரின் உறுதிப்பாடு இல்லாத ஃப்ளாட்பேக் செயலிகளையும் இயல்பாக மறைக்கிறது. அவற்றைக் காட்டச் செய்யும் தெரிவு சாஃப்ட்வேர் மேனேஜரின் விருப்பத்தேர்வுகளில் உண்டு. மறைத்ததற்குப் பொருத்தமான காரணம் இருப்பதால், அதைத் திறந்த பின் ஒவ்வொரு செயலியையும் யார் வெளியிட்டார் என்று பார்த்துவிட்டு நிறுவுவது நல்லது.

விண்டோஸில் எஸ் மோடு இயங்கும் கணினி மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் ஏற்காது. அமைப்புகளின் 'ஆக்டிவேஷன்' பக்கம் வழியாக அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம். ஆனால் வெளியேறிய கணினி மீண்டும் அந்த நிலைக்குத் திரும்ப முடியாது.

அறிகுறி: ஒரே மென்பொருள் இரண்டு மூன்று முறை தெரிகிறது

இது பழுதன்று. இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியம், ஃப்ளாட்ஹப், ஸ்னாப் ஆகியவை ஒரே மென்பொருளைத் தனித்தனியே வழங்கும்போது இவ்வாறு தெரிகிறது. மென்பொருளின் பக்கத்தில் மூலத்தைக் காட்டும் கீழிறங்கு பட்டி இருக்கும்; அதைத் திறந்து பதிப்பு எண்ணையும் மூலத்தையும் ஒப்பிட்டுவிட்டு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் நிறுவினால் பட்டியில் ஒரே சின்னம் இரண்டு முறை தோன்றும் என்பது சிறிய தொல்லைதான். பெரிய தொல்லை, அவை தங்கள் தரவை வெவ்வேறு இடங்களில் வைப்பது. ஃப்ளாட்பேக் செயலிகள் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் ஓர் உள்ளடைவிலும், ஸ்னாப் செயலிகள் ஸ்னாப் என்ற அடைவிலும் சேமிக்கின்றன. 'நேற்று உலாவியில் சேமித்த குறிகள் இன்று காணோம்' என்ற புகாரின் பின்னால் பல சமயம் தரவு இழப்பு எதுவும் இருப்பதில்லை. வேறு மூலத்திலிருந்து வந்த இரண்டாவது பிரதி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: 'வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்று மறுக்கிறது

ஒரே கணக்கேட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு குழம்பும். அதைத் தடுக்கத்தான் பொதிப் பதிவேட்டுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு நிரல் பதிவேட்டைத் திறந்திருக்கும் வரை மற்றொன்று காத்திருக்க வேண்டும். ஆகவே இந்தச் செய்தி, பாதுகாப்பு தன் கடமையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம்.

உபுண்டுவிலும் அதைச் சார்ந்தவற்றிலும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் சேவை பின்னணியில் இயங்குகிறது. கணினி பல நாள் அணைந்திருந்து மீண்டும் இயக்கப்பட்டால், தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்தச் சேவை நிலுவை வேலையைச் செய்யப் புறப்படும். நாமும் அதே நேரத்தில் ஆர்வமாக ஏதேனும் நிறுவ முயன்றால் பூட்டில் முட்டிக்கொள்வோம். செய்ய வேண்டியது பத்துப் பதினைந்து நிமிடம் பொறுப்பது மட்டுமே. அதன் பிறகும் செய்தி மாறாவிட்டால், சினாப்டிக், புதுப்பிப்பு மேலாளர், டிஸ்கவர் ஆகியவற்றில் ஏதேனும் சிறிதாக்கப்பட்டுத் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் சாளரம் ஒன்று மற்றொன்றின் பின்னால் ஒளிந்து விடைக்காகக் காத்திருப்பதும் உண்டு. பிழைச் செய்தியில் பூட்டைப் பிடித்திருக்கும் செயல்முறையின் எண் தரப்பட்டிருந்தால், சிஸ்டம் மானிட்டரைத் திறந்து அந்த எண் எந்த நிரலுக்கு உரியது என்று கண்டுகொள்ளலாம்.

பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். அதைப் பின்பற்றாதீர்கள். பூட்டைப் பிடித்திருந்த நிரல் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்தால், கோப்பை அழித்த கணத்திலிருந்து இரண்டு நிரல்கள் ஒரே பதிவேட்டில் எழுதும். பத்து நிமிடக் காத்திருப்பு அரை நாள் பழுதுபார்ப்பாக மாறும். வேறு வழியே இல்லாவிட்டால் முறையாக மறுதொடக்கம் செய்வதே பாதுகாப்பானது.

புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போய்விட்டிருந்தால் செய்தி சற்று வேறாக இருக்கும்: பொதி அமைப்பு இடையில் நின்றுவிட்டது, அதைக் கைமுறையாகத் தொடர வேண்டும் என்று கூறி, தேவையான கட்டளையையும் மேற்கோள் குறிகளுக்குள் காட்டும். முனையத்தைத் தவிர்க்க விரும்புவோரும் இங்கு ஒரு முறை அதைத் திறந்து, காட்டப்பட்ட கட்டளையை எழுத்து மாறாமல் ஒட்டி இயக்குவது நல்லது. கணினி வரைகலைத் திரைக்கே வராவிட்டால், உபுண்டுவின் மீட்புப் பட்டியில் முறிந்த பொதிகளைச் சீராக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்யும்.

விண்டோஸில் இதற்கு இணையானது 1618 என்ற பிழை எண். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு நிறுவலை மட்டுமே அனுமதிக்கும். வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். பின்னணியில் ஒரு புதுப்பிப்போ, பாதியில் விடப்பட்ட நிறுவியோ இருக்கும். முடியும் வரை பொறுங்கள், இல்லையேல் மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: சாளரம் வெறுமையாக நிற்கிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

இது பெரும்பாலும் சாளர அடுக்கின் பழுது. பதிவேடு நலமாகவே இருக்கும். க்னோம் சாஃப்ட்வேரின் சாளரத்தை மூடினாலும் அதன் செயல்முறை பின்னணியில் தொடர்ந்து இயங்கும். ஆகவே மூடித் திறப்பதால் பயன் குறைவு. சிஸ்டம் மானிட்டரில் அந்தச் செயல்முறையை முடித்துவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். அதே நேரத்தில் சினாப்டிக்கைத் திறந்து 'ரீலோட்' செய்து பாருங்கள். அது ஒழுங்காக இயங்கினால் களஞ்சியமும் பதிவேடும் குற்றமற்றவை என்பது உறுதியாகும்; அதிலும் பிழை வந்தால் அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் இப்படி நின்றால், தொடக்கப் பட்டியில் டபிள்யூஎஸ்ரீசெட் என்ற கருவியை அதன் ஆங்கில எழுத்துகளில் தட்டி இயக்கலாம். வெறுமையான கறுப்புச் சாளரம் ஒன்று சிறிது நேரம் நின்று மறைந்த பின் ஸ்டோர் திறக்கும். இது இடைச்சேமிப்பை மட்டுமே துடைக்கிறது. நிறுவிய செயலிகளுக்கு எதுவும் ஆகாது என்பதால் முதல் முயற்சியாக இதையே செய்யலாம். பலன் இல்லையென்றால் அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலுக்குச் சென்று, ஸ்டோரின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ரிப்பேர்' தெரிவையும், அதன் பின்னரே 'ரீசெட்' தெரிவையும் பயன்படுத்துங்கள். எந்தச் செயலியிலும் இந்த வரிசை முக்கியமானது: ரிப்பேர் செயலியின் தரவைத் தொடாது, ரீசெட் அதை அழித்துவிடும். விண்டோஸ் அப்டேட் சேவையை யாரேனும் முடக்கி வைத்திருந்தாலும் ஸ்டோரின் பதிவிறக்கங்கள் நகராது. 'வேகமாக்கும்' கருவிகள் என்று விற்கப்படும் சில மென்பொருள்கள் இந்த வேலையைச் சொல்லாமலே செய்துவிடுகின்றன.

அறிகுறி: பட்டியலைப் புதுப்பிக்கும்போதே பிழை வருகிறது

இங்குதான் செய்தியின் விவர வரிகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஏனெனில் மேலோட்டத்தில் ஒன்றுபோலத் தெரியும் நான்கைந்து பிழைகளுக்கு முற்றிலும் வெவ்வேறு காரணங்கள் உள்ளன.

களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அல்லது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கலாம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையே மணிக்கணக்கில் வேறுபாடு வந்துவிடுகிறது. தேதி நேர அமைப்பில் தானியங்கு நேரத்தை இயக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

404 என்ற எண் வந்தால் கேட்ட கோப்பு அந்த முகவரியில் இல்லை. ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் வந்தால் உங்கள் பட்டியல் பழையது, அல்லது அருகிலுள்ள நகல் சேவையகம் இன்னும் ஒத்திசையவில்லை. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' சாளரத்தில் பதிவிறக்க மூலத்தை முதன்மைச் சேவையகத்துக்கு மாற்றிப் பட்டியலை மீண்டும் ஏற்றினால் போதும். எல்லாக் கோப்புகளுக்கும் 404 வந்தால் உங்கள் பதிப்பின் ஆதரவுக் காலம் முடிந்திருக்கக்கூடும். உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதமும், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு இயல்பாக ஐந்து ஆண்டும் ஆதரவு உண்டு. காலம் முடிந்த பதிப்பின் பொதிகள் பழைய வெளியீடுகளுக்கான தனிச் சேவையகத்துக்கு நகர்த்தப்படுகின்றன. முகவரியை அங்கே மாற்றினால் பிழை மறையும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரப்போவதில்லை என்பதால், அந்த மாற்றத்தை அடுத்த பதிப்புக்கு ஏறுவதற்கான இடைப்படியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஏதோ ஒரு மூன்றாம் தரப்புக் களஞ்சியத்துக்கு மட்டும் 'வெளியீட்டுக் கோப்பு இல்லை' என்று வந்தால், அதை நடத்துபவர் உங்கள் இயங்குதளப் பதிப்புக்கு இன்னும் பொதிகளை வெளியிடவில்லை. 'அதர் சாஃப்ட்வேர்' தாவலில் அந்த வரியின் தேர்வுக்குறியை நீக்குங்கள். வரியையே அழிக்க வேண்டியதில்லை. உபுண்டு தானே ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது இத்தகைய களஞ்சியங்களை முடக்கிவிட்டுத்தான் ஏறுகிறது. ஏறிய பின் பழைய மென்பொருள் ஒன்று புதுப்பிப்பே பெறாமல் கிடந்தால் இதே தாவலைத்தான் பார்க்க வேண்டும்.

கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோல் இல்லை என்றோ, கையொப்பத் திறவுகோல் காலாவதியானது என்றோ வந்தால், களஞ்சியத்தை நடத்துபவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிய திறவுகோலைப் பெற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பச் சோதனையையே அணைத்துவிடும் குறுக்குவழி உண்டு. ஆனால், அதை எடுத்தால் இனி அந்த முகவரியிலிருந்து வரும் எதுவும் நிர்வாக உரிமையுடன் உங்கள் கணினியில் நிறுவப்படும் என்பதை மறக்கக் கூடாது.

டெபியனில் புதிய நிலைப்பதிப்பு வெளியாகும் நாட்களில், களஞ்சியத்தின் பிரிவுப் பெயர் மாறிவிட்டதாக ஒரு செய்தி வரும். இது தாக்குதல் அன்று. நேற்றுவரை நிலைப்பதிப்பாக இருந்தது இன்று பழைய நிலைப்பதிப்பாகிவிட்டது என்ற அறிவிப்பு. மாற்றத்தை ஏற்கிறீர்களா என்று பயனர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சில வரைகலைச் சாளரங்கள் இந்தக் கேள்வியைக் காட்டாமலே தோல்வியடைகின்றன என்பதால், முனையத்தில் ஒரு முறை பட்டியலைப் புதுப்பித்து 'ஆம்' என்று விடையளிப்பதே எளிது.

அறிகுறி: சார்புகள் நிறைவேறவில்லை, முறிந்த பொதிகள் உள்ளன

ஒரு பொதிக்குத் தேவையான மற்றொரு பொதி கிடைக்கவில்லை, அல்லது கிடைக்கும் பதிப்பு பொருந்தவில்லை என்பது இதன் பொருள். வெளியிலிருந்து பதிவிறக்கிய டெப் கோப்பு (டெபியன் வகைப் பொதி) ஒன்றோ, வேறு பதிப்புக்கான களஞ்சியம் ஒன்றோதான் பெரும்பாலும் காரணம். சினாப்டிக்கில் 'எடிட்' பட்டியின் 'ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்' தெரிவை அழுத்திவிட்டு 'அப்ளை' செய்யுங்கள். அப்ளை அழுத்தியதும் ஒரு சுருக்கப் பட்டியல் வரும். எதை நிறுவும், எதை மேம்படுத்தும், எதை நீக்கும் என்று அது தனித்தனியே காட்டும். நீக்கப்படும் பட்டியலை முழுவதும் விரித்துப் படிக்காமல் ஒப்புதல் தராதீர்கள். சிறு நிரல் ஒன்றின் சிக்கலைத் தீர்க்க மேசைச்சூழல் முழுவதையும் அகற்ற அந்தக் கணக்கீடு முன்வரலாம், கணக்கின்படி அதுவும் சரியான விடையே. அப்படி வந்தால் ரத்து செய்துவிட்டு, இடப்பக்கம் 'ஸ்டேட்டஸ்' வடிகட்டியில் முறிந்தவை எவை என்று பார்த்து, குற்றவாளிப் பொதியை மட்டும் நீக்கக் குறியிடுங்கள்.

கூடுதல் களஞ்சியத்திலிருந்து வந்த புதிய பதிப்பால் முறிவு ஏற்பட்டிருந்தால், அந்தக் களஞ்சியத்தை முடக்கிப் பட்டியலை ஏற்றிய பின், பொதியைத் தேர்ந்து 'பேக்கேஜ்' பட்டியில் 'ஃபோர்ஸ் வெர்ஷன்' மூலம் இயங்குதளத்தின் சொந்தப் பதிப்புக்குத் திரும்பலாம். கடந்த வாரம் எதை மாற்றினோம் என்று நினைவில்லையா? 'ஃபைல்' பட்டியில் உள்ள 'ஹிஸ்டரி' நாள்வாரியாகக் காட்டும். ஆனால் சினாப்டிக் வழியாகச் செய்தவை மட்டுமே அதில் இருக்கும்.

அறிகுறி: பதிவிறக்கிய கோப்பைச் சொடுக்கினால் நிறுவப்படுவதில்லை

டெப் கோப்பானால், ஜிடெபி என்ற சிறு கருவியை நிறுவி, கோப்பை வலச்சொடுக்கி அதில் திறப்பது தெளிவான வழி. நிறுவும் முன்பே சார்புகள் நிறைவேறுமா, கணினியின் மையச் செயலகக் கட்டமைப்புக்குப் பொதி பொருந்துமா என்று அது கூறிவிடும். 2024 ஏப்ரலில் உபுண்டு 24.04 வந்த சமயத்தில் ஆப் சென்டரால் இத்தகைய கோப்புகளை நிறுவ முடியாத நிலை இருந்தது. பின்னர் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே அந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவியோர் முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆப்இமேஜ் கோப்பு நிறுவப்படுவதே இல்லை, நேரடியாக இயங்குகிறது. சொடுக்கியும் சலனம் இல்லையெனில், பண்புகள் சாளரத்தில் 'நிரலாக இயக்கு' என்ற அனுமதியை இயக்குங்கள். அதன் பின்னும் அசைவில்லையென்றால் ஆப்இமேஜுக்குத் தேவையான ஃபியூஸ் நூலகத்தின் 2ஆம் பதிப்பு இல்லாதிருக்கலாம், உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை. நூலகம் என்பதால் ஆப் சென்டரில் அகப்படாது; சினாப்டிக்கில் தேடினால் கிடைக்கும். மேலும் 24.04 முதல் நிரல்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் காவல் கடுமையாக்கப்பட்டதால், குரோமியத்தை உள்ளடக்கிய சில ஆப்இமேஜ்கள் கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து தங்களைப் பிரித்துவைக்கும் பாதுகாப்புக் கூண்டை அமைக்க முடியாமல் மூடிக்கொள்கின்றன. அத்தகைய மென்பொருளுக்கு டெப் அல்லது ஃப்ளாட்பேக் வடிவம் இருந்தால் அதை எடுத்துக்கொள்வதே மேல்.

விண்டோஸில் நீலப் பின்னணியில் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வந்தால், 'மோர் இன்ஃபோ' அழுத்தியதும் வெளியீட்டாளரின் பெயர் தெரியும். நீங்கள் எதிர்பார்த்த பெயரே இருந்தால் தொடரலாம். 'அறியப்படாதவர்' என்றிருந்தால், கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு முறை சரிபாருங்கள். எம்எஸ்ஐ கோப்பு (விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான பொதி) 1603 என்ற எண்ணுடன் நின்றால், நிறுவ முயலும் கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, 'சிஸ்டம்' கணக்குக்கு அதில் முழு அனுமதி உள்ளதா, அதே மென்பொருள் ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

மேக்கில் 2024இல் வந்த சிக்கோயா பதிப்பிலிருந்து, கண்ட்ரோல் விசையுடன் சொடுக்கித் திறக்கும் பழைய வழி எடுக்கப்பட்டுவிட்டது. தடுக்கப்பட்ட செயலியை ஒரு முறை திறக்க முயன்ற பின், சிஸ்டம் செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியின் கீழே வரும் 'ஓப்பன் எனிவே' பொத்தானைப் பயன்படுத்த வேண்டும். 'சேதமடைந்துள்ளது, குப்பைத்தொட்டிக்கு நகர்த்துங்கள்' என்று வந்தால் அது வேறு கதை: கையொப்பமும் உள்ளடக்கமும் ஒத்துப்போகவில்லை. தடையைத் தாண்ட முயலாமல் உருவாக்குநரின் தளத்திலிருந்து மீண்டும் இறக்குங்கள். பிகேஜி கோப்பு இடையில் தோற்றால், நிறுவியின் 'விண்டோ' பட்டியில் உள்ள 'இன்ஸ்டாலர் லாக்' எந்தப் படியில் நின்றது என்று காட்டும்.

அறிகுறி: கடவுச்சொல் கேட்காமலே 'அனுமதி இல்லை' என்கிறது

லினக்ஸில் கடவுச்சொல் சாளரத்தைக் காட்டுவது நிர்வாக அனுமதிகளைக் கையாளும் போல்கிட்டின் முகவர் என்ற தனி நிரல். முழுமையான மேசைச்சூழல்களில் அது தானாகத் தொடங்கும். எளிய சாளர மேலாளர்களை மட்டும் பயன்படுத்துவோர் அதைத் தொடக்க நிரல்களில் தாமே சேர்க்க வேண்டும். முகவர் இயங்கியும் உங்கள் கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால் உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்கா என்பதைப் பயனர் அமைப்புகளில் பாருங்கள்.

அறிகுறி: நிறுவியாயிற்று, ஆனால் பட்டியில் இல்லை அல்லது கோப்புகளைக் காணவில்லை

ஃப்ளாட்பேக்கையோ ஸ்னாப்பையோ கணினியில் முதன்முறையாக இயக்கிய பின், வெளியேறி மீண்டும் உள்நுழையும் வரை அவற்றின் சின்னங்கள் பட்டியில் வருவதில்லை. அமர்வு தொடங்கும்போதுதான் புதிய அடைவுகள் தேடல் வழியில் சேர்கின்றன.

செயலி திறக்கிறது, ஆனால் வெளி வட்டில் உள்ள கோப்புகள் அதற்குத் தெரியவில்லை என்றால், அது கூண்டுக்குள் இயங்குகிறது. ஃப்ளாட்பேக் செயலிகளின் அனுமதிகளை ஃப்ளாட்சீல் என்ற கருவியிலும், பிளாஸ்மா 5.27 முதல் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே உள்ள பக்கத்திலும் மாற்றலாம். தேவைப்படும் அடைவை மட்டும் சேர்த்தால் போதும். முழுக் கோப்பு முறைமையையும் திறந்துவிட்டால் கூண்டு இருந்தும் பயனில்லை. ஸ்னாப் செயலிகளுக்கு அகற்றத்தக்க சேமிப்பகத்துக்கான அனுமதி பெரும்பாலும் அணைந்தே வருகிறது. உபுண்டுவின் அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்தில் அதை இயக்கலாம்.

அறிகுறி: வட்டில் இடமில்லை

சிறிய செயலிக்குப் பல நூறு மெகாபைட் இறங்குவதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். ஃப்ளாட்பேக் செயலியுடன் அது சார்ந்த இயக்கச்சூழலும் முதன்முறை இறங்குகிறது. அதே சூழலைப் பயன்படுத்தும் அடுத்த செயலிக்கு அந்தச் சுமை இராது. செயலிகளை நீக்கிய பின்னும் மிஞ்சிக் கிடக்கும் தரவைக் கண்டுபிடிக்க வேர்ஹவுஸ் என்ற வரைகலைக் கருவி உதவும். ஸ்னாப், ஒவ்வொரு செயலிக்கும் முந்தைய பதிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. செயலியை நீக்கும்போது அதன் தரவின் பிரதியையும் இயல்பாக 31 நாள் பாதுகாக்கிறது. நீக்கிய உடனே இடம் திரும்பாததற்கு இதுவே காரணம்.

கணினி துவங்கத் தேவையான கோப்புகள் உள்ள தொடக்கப் பகுதி (பூட்) மட்டும் நிரம்பிவிட்டதாகச் செய்தி வந்தால், இயங்குதளத்தின் மையமான கருநிரல்களின் (கெர்னல்) பழைய பதிப்புகள் குவிந்துள்ளன. லினக்ஸ் மின்டின் அப்டேட் மேனேஜரில் 'வியூ' பட்டியின் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' சாளரம் அவற்றைப் பட்டியலிட்டு நீக்க அனுமதிக்கும். தற்போது இயங்குவதையும் அதற்கு முந்தையதையும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்குங்கள். கோப்பு மேலாளர் வழியாக அந்தப் பகுதியில் கைவைக்க வேண்டாம்.

அறிகுறி: மென்பொருளை நீக்க முடியவில்லை

விண்டோஸில் நிரலின் கோப்புறையைக் கையால் அழித்தவர்களுக்கு, பட்டியலில் பெயர் மட்டும் ஆவிபோல் தங்கியிருக்கும். கண்ட்ரோல் பேனலின் நிரல் பட்டியலிலிருந்து அதை நீக்க முயன்றால், ஏற்கனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவா என்று விண்டோஸே கேட்கும், ஒப்புக்கொண்டால் முடிந்தது. 1612 என்ற எண் வந்தால், நிறுவலின் மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் அடைவுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறையை இடம் மிச்சப்படுத்துவதாக எண்ணித் துடைத்தவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. அதே பதிப்பின் நிறுவியை மீண்டும் இறக்கி, மேலேயே நிறுவி, பிறகு முறையாக நீக்குவது பெரும்பாலும் பலன் தரும்.

மேக்கில் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தால் செயலி போய்விடும். நூலக அடைவில் அதன் அமைப்புகளும் ஆதரவுக் கோப்புகளும் தங்கும். உருவாக்குநர் தனி நீக்கியைத் தந்திருந்தால், இழுப்பதற்கு முன் அதையே இயக்குங்கள்.

அறிகுறி: ஒரே புதுப்பிப்பு நாள்தோறும் தெரிகிறது, நிறுவப்படுவதில்லை

உபுண்டு சில புதுப்பிப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் தருவதில்லை. சிறு பகுதியினருக்கு முதலில் அளித்து, பிழை அறிக்கை பெருகாவிட்டால் படிப்படியாக விரிவாக்குகிறது. உங்கள் முறை வரும் வரை அந்தப் பொதி நிறுத்திவைக்கப்பட்டதாகத் தெரியும். செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஸ்னாப் செயலி ஒன்று 'புதுப்பிப்பு காத்திருக்கிறது, செயலியை மூடுங்கள்' என்று நினைவூட்டினால், அந்தச் செயலி இயங்கிக்கொண்டிருப்பதே தடை. முழுவதுமாக மூடிச் சில நிமிடம் விடுங்கள். திறந்தே வைத்திருந்தால் இரண்டு வாரம் வரை தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு கேட்காமலே புதுப்பித்துவிடும். ஃபெடோராவில் க்னோம் சாஃப்ட்வேர் இயங்குதளப் புதுப்பிப்புகளை மறுதொடக்கத்தின்போதே நிறுவுகிறது. 'ரீஸ்டார்ட் அண்ட் அப்டேட்' பொத்தானை அழுத்தாமல் மடிக்கணினியை மூடித் திறந்துகொண்டே இருப்பவருக்கு, இறங்கி முடிந்த அதே பட்டியல் அசையாமல் தெரிந்துகொண்டே இருக்கும்.